ஆடிக் கச்சேரியா, அறுவை சிகிச்சையா?

கேள்வி: வணக்கம் மேடம். எனக்கு வயது 47. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். புதுச்சேரியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. தினமும் பைக்கில்தான் போய் வருகிறேன். மாலையில் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கிறேன். கோயில் திருவிழாக்களில் இன்னிசைக் குழுவிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆலயப் பாடகர் குழுவிலும் வாசிக்கிறேன். ஏழெட்டு மாதங்களாக இடது கையின் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மதமதக்கின்றன. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறினால்தான் தூக்கம் வருகிறது. இப்போது பகலிலும் விரல் நுனிகளில் உணர்வு குறைந்துவிட்டது. ஆள்காட்டி விரலைக் கம்பிகளின்மேல் குறுக்கே படுக்கவைத்து அழுத்தும் பார் கார்டு பிடித்தால் நிற்பதில்லை. கட்டைவிரலின் அடிச்சதை சப்பிப்போயிருப்பதாக என் மனைவி சொல்கிறார். வலது கையிலும் இரவில் லேசாக மதமதப்பு உண்டு. சர்க்கரை நோய்க்கு ஒன்பது வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். எலும்பு மருத்துவர் நரம்புச் சோதனை எடுத்துப் பார்த்துவிட்டு, ‘கார்ப்பல் டனல் பிரச்சினை முற்றியிருக்கிறது, தள்ளிப்போடாமல் அறுவை சிகிச்சை செய்துகொள்ளுங்கள்’ என்கிறார். ஆடி மாதக் கச்சேரிகளை ஒப்புக்கொண்டுவிட்டேன். டிசம்பரில் கேரல் இருக்கிறது. எல்லாவற்றையும் முடித்து ஜனவரியில் செய்துகொள்ளலாமா? அதுவரை ஊசி போட்டுச் சமாளிக்கலாமா? கத்தி வைத்த கையால் திரும்ப வாசிக்க முடியாது என்று குழுவில் சிலர் பயமுறுத்துகிறார்கள். இரண்டே விரலால் வாசித்து உலகப் புகழ் பெற்ற கிட்டார் கலைஞர்கூட இருந்தாராமே?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கடலூர்

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

ஜனவரி வரை காத்திருக்க வேண்டாம். ஆடிக் கச்சேரிகளை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு, மருத்துவர் சொன்னபடி அறுவை சிகிச்சையை இந்த மாதமே முடித்துக்கொள்ளுங்கள். அப்படிச் செய்தால் டிசம்பர் கேரலில் நீங்கள் கிட்டாருடன் நிற்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. கேரல் முடியட்டும் என்று இருந்துவிட்டால், அதன்பிறகு அந்த விரல்கள் எவ்வளவு தேறும் என்று எந்த மருத்துவராலும் உறுதி சொல்ல முடியாமல் போகும்.

நான் அறுவை சிகிச்சை நிபுணர் இல்லை. கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பயிற்சி கொடுத்து மறுபடி அவரவர் வேலைக்குத் தயார்செய்யும் பிசியோதெரபிஸ்ட். தையல்காரர், தட்டச்சு செய்பவர், வலை பின்னுபவர், வாத்தியம் வாசிப்பவர் என்று புதுச்சேரியிலும் கடலூரிலும் இருந்து வருகிறவர்களின் கைகளைப் பார்த்த அனுபவத்தில்தான் இதைச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்ட வரி, உங்கள் மனைவி கவனித்துச் சொன்னதுதான். இரவில் மதமதப்பதும், உதறினால் தெளிவதும் இந்த நோயின் தொடக்கத்திலேயே வருகிற அடையாளங்கள். கட்டைவிரலின் அடியிலுள்ள சதைமேடு சப்பிப்போவது தொடக்கத்தில் வருவதில்லை. நசுங்கிக் கிடக்கும் நரம்பால் தசையை இயக்க முடியாமல் போகும்போதுதான் அந்தத் தசை மெலியத் தொடங்குகிறது. வீட்டிலேயே பாருங்கள். இரண்டு கைகளையும் உள்ளங்கை மேலே தெரியும்படி மேசைமீது வைத்து, கட்டைவிரல்களை மட்டும் கூரையை நோக்கித் தூக்குங்கள். உங்கள் மனைவியை அவற்றைக் கீழே அழுத்தச் சொல்லுங்கள். வலது தாங்குகிற அழுத்தத்துக்கு இடது சட்டென்று படுத்துவிட்டால், அதற்குமேல் வேறு சோதனை வேண்டியதில்லை. மற்ற விரல்களுக்கு எதிரே கட்டைவிரலைக் கொண்டுவந்து நிறுத்துவது இந்தத் தசைதான். கிட்டாரின் கழுத்துக்குப் பின்னால் கட்டைவிரல் அப்படி நிற்காவிட்டால் பார் கார்டு நிற்காது. அளவுக்குமேல் மெலிந்துவிட்டால், பிறகு எவ்வளவு நேர்த்தியாக அறுவை சிகிச்சை செய்தாலும் அது முழுதாகத் திரும்பாமல் போகலாம்.

உள்ளே நடப்பது இதுதான். மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் வளைவாக அமைந்து ஒரு வாய்க்கால் உண்டாகியிருக்கிறது. அதன்மேல் கெட்டியான நார்ப் பட்டை ஒன்று கூரையாக மூடியிருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும், மீடியன் நரம்பும் இந்த ஒரே வழியாகத்தான் உள்ளங்கைக்குள் போக வேண்டும். தசைநாண்களின் உறை சற்றுத் தடித்துவிட்டால் போதும். திருவிழா நாளின் டவுன் பஸ்ஸில் பெரியவர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட குழந்தையைப்போல, இருப்பதிலேயே மென்மையான நரம்புதான் நசுங்கும். மணிக்கட்டை உள்ளே மடக்கினாலும் வெளியே வளைத்தாலும் நெருக்கடி கூடும். தூக்கத்தில் நாம் அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்வதுதான் உங்கள் இரவு இரண்டு மணி விழிப்புக்கு முக்கியக் காரணம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், தைராய்டு சுரப்புக் குறைந்தவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இது அதிகமாக வருகிறது. கிட்டார் வாசித்ததால்தான் உங்களுக்கு வந்தது என்று நான் சொல்ல மாட்டேன். வந்துவிட்ட நெருக்கடியை மணிக்கணக்கான வாசிப்பு மோசமாக்கியிருக்கும்.

நீங்கள் கேள்விப்பட்ட இரண்டு விரல் கலைஞர் ஜாங்கோ ரைன்ஹார்ட்டாக இருக்க வேண்டும். 1928-ல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றியதில் இடது கையின் மோதிர விரலும் சுண்டுவிரலும் கருகிச் சுருங்கிப்போயின. மிஞ்சிய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் வைத்துக்கொண்டு அவர் வாசிப்பையே புதிதாக அமைத்துக்கொண்டார். ஆனால் அவருக்கு மிஞ்சியது எந்த விரல்கள் என்று பாருங்கள். கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் ஆகிய மூன்றும் மீடியன் நரம்பை நம்பி இருப்பவை. அவரைக் காப்பாற்றிய அதே விரல்களைத்தான் உங்கள் நோய் எடுத்துக்கொண்டிருக்கிறது. அவருடைய வாழ்க்கை உங்களுக்குத் தைரியம் தரட்டும். சிகிச்சையைத் தள்ளிவைக்க அதைத் துணைக்கு அழைக்காதீர்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மணிக்கட்டில் போடும் ஸ்டீராய்டு ஊசி, தசை மெலியாத ஆரம்ப நிலையில் நல்ல பலன் தரும். சில வாரங்களோ சில மாதங்களோ மதமதப்பை அடக்கும். உங்களுக்கு அந்த நிலை தாண்டிவிட்டது. வலி அடங்கிய தைரியத்தில் ஆடி முழுக்க வாசிப்பீர்கள், உள்ளே நரம்பு நசுங்குவது நிற்காது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை அளவு ஏறும். ஊசி போட்ட கையில் குறுகிய காலத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால் புண்ணில் தொற்று வரும் ஆபத்தும் கூடுகிறது. ஆகவே, ஊசி போட்டுக்கொண்டால் அறுவை சிகிச்சை தானாகவே இன்னும் தள்ளிப்போகும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் நரம்புச் சத்து மாத்திரைகளும் நசுங்கிய நரம்பை விடுவிக்காது. ஆனால் மெட்ஃபார்மினை நீண்ட காலம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு வைட்டமின் பி12 குறைகிறது. அந்தக் குறைவும் விரல்களை மதமதக்கச் செய்யும். அறுவை சிகிச்சைக்கு முன் எடுக்கும் ரத்தப் பரிசோதனையில் பி12, தைராய்டு, மூன்று மாத சராசரிச் சர்க்கரை ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதங்களும் மதமதக்கின்றனவா என்று நீங்கள் எழுதவில்லை. மதமதத்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரையால் வரும் பொதுவான நரம்புப் பாதிப்பும் கூடவே இருந்தால், கையில் திரும்பும் உணர்வு சற்றுக் குறைவாக இருக்கலாம்.

இனி, கத்தி வைத்த கை வாசிக்காது என்ற பேச்சு. அறுவை சிகிச்சையில் வெட்டுவது அந்தக் கூரையான நார்ப் பட்டையை மட்டும்தான். தசைநாண்களையோ விரல்களையோ தொடுவதில்லை. உள்ளங்கையின் அடிப்பாகத்தில் சில சென்டிமீட்டர் நீளக் கீறல் போதும். அந்த இடத்தை மட்டும் மரக்கச்செய்யும் ஊசி போட்டு, நீங்கள் விழித்திருக்கும்போதே முடித்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீட்டுக்கு வந்துவிடலாம். மணிக்கட்டருகே சிறு துளையிட்டு, கேமரா வைத்துச் செய்யும் முறையும் உண்டு. அதில் தழும்பின் வலி குறைவாக இருக்கும், சற்று முன்பே வேலைக்குத் திரும்பலாம். சில மாதங்கள் கழித்துப் பார்த்தால் இரண்டின் பலனும் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் மருத்துவருக்கு எந்த முறையில் கை பழகியிருக்கிறதோ அதையே செய்துகொள்ளுங்கள். செலவு கவலையாக இருந்தால், கடலூர்க்காரர்கள் பலரும் போகிற ஜிப்மர் போன்ற பெரிய அரசு மருத்துவமனையின் எலும்பியல் அல்லது பிளாஸ்டிக் சர்ஜரி பிரிவில் விசாரியுங்கள்.

உங்கள் குழுவினர் இல்லாததைச் சொல்லியிருக்க மாட்டார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வாசிப்பை விட்டவர்கள் உண்டு. நான் பார்த்தவரை அவர்களில் பலர் மிகவும் தாமதமாக வந்தவர்கள். இன்னும் சிலர், தையல் பிரித்த வாரமே மேடை ஏறி, கை வீங்கி, பயந்துபோய்க் கிட்டாரை உறைக்குள் வைத்துவிட்டவர்கள். நீங்கள் இப்போதே வந்தால் முதல் கூட்டத்தில் சேர மாட்டீர்கள். இரண்டாவது கூட்டத்தில் சேராமல் இருப்பதற்குத்தான் இந்தக் கடிதத்தின் மீதிப் பகுதி.

அறுவை சிகிச்சை முடிந்த அன்றே விரல்களை அசைக்கத் தொடங்க வேண்டும். கட்டு இருக்கிறது என்று கையை அப்படியே மடியில் போட்டுவைத்தால் விரல்கள் வீங்கி விறைத்துக்கொள்ளும். உட்கார்ந்தாலும் படுத்தாலும் தலையணைமேல், நெஞ்சைவிட உயரமாகக் கையை வையுங்கள். விழித்திருக்கும் நேரத்தில் அடிக்கடி விரல்களை முழுதாக நீட்டுங்கள், பிறகு மெதுவாக முஷ்டியாக மடக்குங்கள், நுனிக் கணுக்களை மட்டும் கொக்கிபோல் மடக்குங்கள். இந்தப் பயிற்சியில் தசைநாண்கள் புண்ணோடு ஒட்டிக்கொள்ளாமல் வழுக்கிப் போய்வரும். எதையும் இறுக்கிப் பிடிக்கவோ பிழியவோ வேண்டாம். பந்தை அமுக்குங்கள் என்று யாராவது ஆலோசனை சொல்லலாம். முதல் மாதத்தில் அது வேண்டவே வேண்டாம். தையலைப் பொதுவாக 10 முதல் 14 நாட்களில் பிரிப்பார்கள். அதுவரை புண் நனையக் கூடாது. சிவப்பு பரவினாலோ, சீழ் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி ஏறினாலோ, கை முழுதும் வீங்கிப் பளபளப்பாகி எரிந்தாலோ, அடுத்த பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் அன்றே மருத்துவரிடம் போங்கள்.

இரவு மதமதப்பு பெரும்பாலானவர்களுக்கு முதல் சில நாட்களிலேயே விட்டுவிடும். ஏழெட்டு மாதங்களுக்குப் பிறகு விடியும்வரை தூங்கிய நிம்மதியில், கை குணமாகிவிட்டது என்று மனம் துள்ளும். அங்கேதான் கவனம் வேண்டும். விரல் நுனியின் உணர்வு அவ்வளவு சீக்கிரம் வராது. சேதமான நரம்பிழை திரும்ப வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரை 15 சென்டிமீட்டருக்கும் அதிகம். கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள், ஆறு மாதம் ஏன் ஆகிறது என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சிலருக்கு ஒரு வருடம்வரை முன்னேற்றம் தெரிந்துகொண்டே இருக்கும். நடுவே ஊசி குத்துவதுபோலவும் மின்சாரம் பாய்வதுபோலவும் இருந்தால் பெரும்பாலும் அது நரம்பு உயிர்பெறுவதன் அறிகுறிதான்.

பிடியின் பலமும் முதலில் குறையும். பிறகு படிப்படியாக ஏறி, ஏறக்குறைய மூன்று மாதத்தில் பழைய அளவை எட்டும். உள்ளங்கையின் அடியில், தழும்புக்கு இரண்டு பக்கமும் அழுத்தினால் வரும் ஒரு வலி பலரைக் கலங்கச்செய்கிறது. கதவைத் தள்ளும்போதும், நாற்காலியில் கை ஊன்றி எழும்போதும் தெரியும். வெட்டப்பட்ட பட்டையின் இரு முனைகளும் புது நிலையில் அமைகிற காலத்து வலி அது. சில மாதங்களில் அடங்கும். அறுவை சிகிச்சை கெட்டுப்போனதாக எண்ணிக்கொண்டு இந்தக் கட்டத்தில்தான் பலர் மனம் உடைந்துபோகிறார்கள். புண் நன்றாக மூடிய பிறகு, அதாவது ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து, தேங்காய் எண்ணெய் தொட்டுத் தழும்பின்மேல் கட்டைவிரலால் சிறு வட்டங்களாகத் தேய்த்துவிடுங்கள். ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. தொட்டாலே கூசினால் முதலில் பஞ்சு, பிறகு துண்டு, பிறகு ஒரு பாத்திரத்தில் அரிசியோ பயறோ போட்டு அதற்குள் கையை விட்டு அளையுங்கள். எண்ணெய் போட்டு நீவச் சொன்ன உறவினர்கள் உங்களுக்கும் இருப்பார்கள். நீவுவதற்கு இதுதான் நேரம். அறுவை சிகிச்சைக்கு முன்னால் மணிக்கட்டை அழுத்தி நீவினால் நசுங்கிய நரம்புதான் மேலும் நசுங்கும்.

கிட்டாருக்கு வருகிறேன். இடது கைக்கு நடக்கும் இந்த அறுவை சிகிச்சையில் கிட்டார்க்காரருக்கென்று ஒரு தனி ஆபத்து இருக்கிறது. கூரைப் பட்டை திறந்திருக்கும் முதல் வாரங்களில், மணிக்கட்டை உள்ளே மடக்கிக்கொண்டு விரல்களை இறுக்கினால், தசைநாண்கள் அந்தத் திறப்பை நோக்கி முன்னே தள்ளும். தோள்வாரை நீளமாக விட்டு, கிட்டாரை இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, நின்றபடி பார் கார்டு பிடிப்பவரின் இடது கையைக் கவனியுங்கள். மணிக்கட்டு முழுதாக மடங்கியிருக்கும், விரல்கள் இறுகியிருக்கும். எது கூடாது என்கிறோமோ அச்சு அசலாக அதே நிலை. அதனால் தையல் பிரிக்கும்வரை கிட்டாரைத் தொடவே வேண்டாம். அதற்குப் பிறகும் மருத்துவர் சம்மதித்தால்தான் எடுக்க வேண்டும். எடுக்கும்போது உட்கார்ந்துதான் வாசிக்க வேண்டும். இடது பாதத்துக்கு அடியில் ஒரு சிறு முக்காலியை வைத்து, கிட்டாரின் கழுத்து தோள் உயரத்துக்கு ஏறி நிற்கும்படி பிடியுங்கள். கழுத்து ஏறினால் மணிக்கட்டு நிமிரும். எதிரே ஒரு கண்ணாடி இருந்தால் நல்லது. முன்கையும் புறங்கையும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

முதலில் ஐந்து நிமிடம், காலையும் மாலையும். கார்டு எதுவும் வேண்டாம். ஒரே கம்பியை, ஐந்தாவது ஃப்ரெட்டுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடு) மேலே, ஒரு விரலால் தொடுங்கள். மெல்லத் தொட்டபடி வலது கையால் மீட்டினால் ‘டப்’ என்று அமுங்கிய ஒலிதான் வரும். கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். ஒலி தெளிந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள். அந்தச் சுரத்துக்கு அவ்வளவு அழுத்தம் போதும். இத்தனை வருடமும் அதைவிட எவ்வளவு அதிகமாக அமுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்பது அப்போது தெரியும். வாத்தியக்காரர்களுக்கு நான் கற்றுத்தருவதில் மிகவும் பயன் தருவது இதுதான் என்று நம்புகிறேன். உணர்வு மங்கிய விரல், கம்பி தெரியாததால் இன்னும் இன்னும் அமுக்கும். உங்களுக்கும் அப்படித்தான் நடந்திருக்கும். இப்போது காதை நம்பி அழுத்துங்கள், விரலை நம்பி அல்ல.

அடுத்த நாள் காலை எழுந்ததும் கை சொல்வதைக் கேளுங்கள். முந்தைய நாளைவிட வலியோ வீக்கமோ மதமதப்போ கூடியிருந்தால், ஒரு படி இறங்கி, அங்கேயே சில நாட்கள் நில்லுங்கள். கூடவில்லை என்றால் சில நிமிடங்கள் ஏற்றலாம். இப்படிப் போனால் ஆறாவது வாரம் அளவில் இ மைனர், ஏ மைனர், டி போன்ற, சில கம்பிகளை அழுத்தாமலே விடும் திறந்த கார்டுகளுக்குப் பலரும் வந்துவிடுகிறார்கள். பார் கார்டு மூன்று மாதத்துக்கு முன் வேண்டாம். எஃப் கார்டு வரும் இடத்தில் மெல்லிய நான்கு கம்பிகளை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும். பாட்டின் சுருதிக்கு ஏற்றபடி கேப்போ (கழுத்தின் குறுக்கே மாட்டிக் கம்பிகளை அழுத்தும் கவ்வி) போட்டுக்கொண்டால் பெரும்பாலான கேரல் பாட்டுகளைத் திறந்த கார்டுகளிலேயே வாசித்துவிடலாம். பின்னால் பார் கார்டுக்குத் திரும்பும்போதும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் இடுக்கியாக்கி நெரிக்காதீர்கள். கிட்டாரின் உடலை வலது முன்கையால் மார்போடு அணைத்துக்கொண்டு, இடது கையைத் தோளிலிருந்து லேசாகப் பின்னுக்கு இழுத்தால், கையின் எடையே பாதி வேலையைச் செய்துவிடும்.

வாசிக்காத வாரங்களில் விரல் நுனியின் காய்ப்பு உரிந்துவிடும். திரும்பத் தொடங்கும்போது நுனி வலிப்பது இதனால்தான், பயப்பட ஒன்றுமில்லை. பயப்பட வேண்டியது வலி தெரியாத நுனியைப் பார்த்து. சர்க்கரையும் இருக்கிறது, உணர்வும் முழுதாகத் திரும்பவில்லை என்றால், இரும்புக் கம்பி தோலை வெட்டியதே தெரியாமல் வாசித்துக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் கிட்டாரைக் கீழே வைத்ததும் நுனிகளை வெளிச்சத்தில் பாருங்கள்.

கை ஓய்வில் இருக்கும் வாரங்களில் கிட்டாரையும் சிகிச்சைக்கு அனுப்புங்கள். நம் கடலோர ஊர்களின் ஈரக்காற்று மரத்தை உப்பச் செய்கிறது. மேல்பலகை சற்று எழும்பி, கம்பி ஃப்ரெட்டிலிருந்து உயர்ந்துவிடுகிறது. உயர்ந்த கம்பியை அமுக்க விரலுக்கு அதிக வேலை. உப்புக்காற்றில் கம்பி துருவும் ஏறும். திருப்பாதிரிப்புலியூரிலும் புதுச்சேரியிலும் பல வீடுகளில், சுவரில் ஆணியடித்து மாட்டிய கிட்டார்கள் இப்படித்தான் இருக்கின்றன. வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து, 12-ஆவது ஃப்ரெட்டில் கம்பியின் உயரத்தை 2 மில்லிமீட்டருக்குச் சற்று மேலாகக் குறைக்கச் சொல்லுங்கள். நீங்கள் 12 எண் கம்பி போடுகிறவராக இருந்தால், அதைவிட மெல்லிய 10 எண்ணுக்கு மாறுங்கள். ஒலி கொஞ்சம் மெலியும். மேடையில் மைக் இருக்கிறது, ஆலயத்திலும் இருக்கிறது. உங்களிடம் நைலான் கம்பி கிட்டார் இருந்தால் முதல் இரண்டு மாதங்களுக்கு அதையே எடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, பைக். இடது கைதான் கிளட்ச் பிடிக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு ஒரு தடவைக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல். ரெட்டிச்சாவடி, தவளக்குப்பம், அரியாங்குப்பம் என்று நெரிசலில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் கிளட்ச்சை எத்தனை தடவை நெரிக்கிறீர்கள் என்று ஒரு நாள் கவனியுங்கள். அதோடு வண்டியின் அதிர்வும் சேர்கிறது. கிட்டாரைவிட அதுவே உங்கள் நரம்புக்கு அதிகச் சுமை என்றுகூட நினைக்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பிறகு குறைந்தது ஆறு வாரம் பஸ்ஸில் போங்கள். கடலூர்–புதுச்சேரி பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. நிற்க நேர்ந்தால் கம்பியை வலது கையால் பிடியுங்கள். பிறகும் முடிந்தால் கிளட்ச் இல்லாத ஸ்கூட்டருக்கு மாறிவிடுங்கள்.

ஆடி வருமானம் போகிறதே என்ற கவலை எனக்குப் புரியாமலில்லை. குழுவில் இன்னொரு கிட்டார்காரரைச் சேர்க்க இன்னும் நாள் இருக்கிறது, இப்போதே சொல்லிவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. வகுப்பை நிறுத்த வேண்டியதில்லை. வாயால் சொல்லிக்கொடுங்கள், பிள்ளைகளில் ஒருவரை வாசிக்கச் செய்து மற்றவர்களுக்குக் காட்டுங்கள். மூன்றாவது வாரத்துக்குப் பிறகு, கம்பிகளைத் திறந்த ஜி சுருதிக்கு (எதையும் அழுத்தாமலே ஜி கார்டு ஒலிக்கும் சுருதி) மாற்றிக்கொண்டால், இடது கையைத் தொடையில் வைத்தபடியே வலது கையின் தாளக் கட்டுகளையெல்லாம் நீங்களே வாசித்துக்காட்டலாம்.

இதைப் படிக்கும் மற்ற கிட்டார்க்காரர்களுக்கும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கை மதமதத்தாலே கார்ப்பல் டனல் என்று முடிவுகட்டாதீர்கள். சுண்டுவிரலும் அதை ஒட்டிய பாதி மோதிர விரலும் மதமதத்தால், அது முழங்கையில் நசுங்கும் வேறொரு நரம்பு. இடது முழங்கையை மணிக்கணக்கில் மடக்கிவைத்து வாசிப்பவர்களுக்கு அது வரும். மடக்கிய விரல் சிக்கிக்கொண்டு ‘டக்’கென்று விடுபட்டால் அது தசைநாண் உறையின் பிரச்சினை. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதுவும் அதிகம். கார்ப்பல் டனல் அறுவை சிகிச்சைக்குப் பிறகும் சிலருக்குப் புதிதாக வருவதுண்டு என்பதால் நண்பரே, உங்களுக்கும் அது நினைவிருக்கட்டும். வலியே இல்லாமல், மதமதப்பும் இல்லாமல், வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாகச் சுருண்டுகொள்கிறது, சாப்பிடும்போதும் எழுதும்போதும் ஒன்றுமில்லை என்றால், அவசரப்பட்டு எந்த அறுவை சிகிச்சைக்கும் போகாதீர்கள். அது மூளை விரலை இயக்கும் முறையில் வந்த குழப்பம். நரம்பியல் நிபுணரைப் பார்க்க வேண்டும். பியானோக் கலைஞர் லியான் ஃபிளைஷர் 1960-களில் வலது கை விரல்களை இப்படி இழந்து, பல பத்தாண்டுகள் இடது கைக்கென்று எழுதப்பட்ட இசையை வாசித்தார். பின்னர் போட்டுலினம் ஊசியின் உதவியால் இரண்டு கைகளாலும் மறுபடி மேடையில் வாசித்தார்.

அறுவை சிகிச்சை நாள் வரும்வரை, இரவில் மணிக்கட்டுப் பட்டை கட்டிக்கொண்டு தூங்குங்கள். கடையில் கிடைக்கும் பட்டைகளில் உள்ளே ஓர் உலோகத் தகடு இருக்கும். அது பெரும்பாலும் கையைப் பின்னால் வளைக்கும்படிதான் வருகிறது. தகட்டை உருவி எடுத்து, நேராக நிமிர்த்தி, மறுபடி செருகுங்கள். மணிக்கட்டு நேராக இருந்தால்தான் பட்டையால் பயன். விரல்களை அது தடுக்கக் கூடாது, இறுக்கியும் கட்டக் கூடாது. வலது கைக்கும் இப்போதே ஒன்று வாங்கிவிடுங்கள். அந்தக் கையில் இரவு மதமதப்போடு நின்றிருப்பதால், பட்டையும் சர்க்கரைக் கட்டுப்பாடும் சேர்ந்தே அதை அடக்க வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இடது கை ஓய்வெடுக்கும் நாட்களில் எல்லா வேலையும் வலது கைக்கு வந்துசேரும். பையைத் தூக்குவது, துணி பிழிவது போன்றவற்றை வீட்டில் மற்றவர்களிடம் விடுங்கள். ஆறு மாதம் கழித்து வலது கைக்கு நரம்புச் சோதனையை மறுபடி எடுத்து, இப்போதைய முடிவோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நடுவில் பகலிலும் மதமதத்தாலோ, அந்தக் கட்டைவிரல் மேடும் சப்பினாலோ, ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டாம்.